எதிர் ஃபெர்ரோகாந்தங்களில் காந்தவெப்ப விளைவைக் கணக்கிடுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காந்தவெப்ப விளைவு பற்றி எங்கே படிக்கத் தொடங்கினாலும் முதல் வரி ஒன்றுதான்: காந்தப்புலத்தைச் செலுத்தினால் பொருள் சூடாகும், புலத்தை எடுத்தால் குளிரும். காடோலினியம் போன்ற ஃபெர்ரோகாந்தத்துக்கு அது அப்படியே பொருந்தும். எதிர் ஃபெர்ரோகாந்தத்தில், அதாவது பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் (அணுக்கள் சுமக்கும் சிறு காந்தங்கள்) எதிரெதிர்த் திசையில் நின்று மொத்தக் காந்தமாக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும் பொருளில், அது பாதிதான் உண்மை. அதே பொருள் ஒரு வெப்பநிலையில் புலம் ஏற ஏறச் சூடாகும், இன்னொரு வெப்பநிலையில் குளிரும், வேறோர் இடத்தில் புலத்தைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. நீங்கள் எழுதும் மாடல் இந்த மூன்றையும் சரியான இடத்தில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு அழகான வரைபடம் வந்தாலும் பயனில்லை.

இங்கே சொல்லப்போவது சாதாரண லேப்டாப்பில் ஓடும் சராசரிப் புல மாடலில் (ஒவ்வொரு ஸ்பின்னும் மற்றவற்றின் சராசரியை மட்டும் உணர்வதாக வைப்பது) தொடங்கி மான்டே கார்லோ (ஸ்பின்களைத் தற்செயலாகத் திருப்பித் திருப்பிச் சராசரி எடுக்கும் முறை) வரை போகும் பாதை. கல்லூரி அளவு வெப்ப இயக்கவியலும் கொஞ்சம் பைத்தானும் தெரிந்தால் போதும். வழி நெடுக இரண்டு பொருட்களைத் துணைக்கு வைத்துக்கொள்வோம். ஒன்று மாங்கனீஸ் டைஃபுளோரைடு: ஸ்பின் 5/2, ஒழுங்கு தோன்றும் நீல் வெப்பநிலை சுமார் 67 கெல்வின். மற்றொன்று யூரோப்பியம் டைட்டனேட்: ஸ்பின் 7/2, நீல் வெப்பநிலை சுமார் 5.5 கெல்வின். இரண்டும் எதிர் ஃபெர்ரோகாந்தங்கள்தான், ஆனால் நடந்துகொள்ளும் விதத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அதனால்தான் இந்த இரண்டையும் எடுத்தேன்.

எதைக் கணக்கிடுகிறோம்

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே ஒரு சார்புதான்: வெப்பநிலையையும் புலத்தையும் பொறுத்து என்ட்ரோபி எப்படி மாறுகிறது. அது கையில் இருந்தால் மற்ற இரண்டு எண்களும் தானாக வந்துவிடும். வெப்பநிலையை மாற்றாமல் புலத்தை ஏற்றினால் என்ட்ரோபி எவ்வளவு மாறுகிறது என்பது முதல் எண். வெப்பம் உள்ளேயும் வெளியேயும் போகாதபடி அடைத்துவிட்டுப் புலத்தை ஏற்றினால் வெப்பநிலை எவ்வளவு மாறுகிறது என்பது இரண்டாவது.

மேக்ஸ்வெல் தொடர்பு ஒரு குறுக்குவழி தருகிறது: வெப்பநிலை மாறும்போது காந்தமாக்கம் மாறும் வீதத்தைப் புலத்தின் மீது தொகையிட்டால் என்ட்ரோபி மாற்றம் கிடைக்கும். இதிலிருந்தே குறியை ஊகிக்கலாம். சூடேற்றினால் காந்தமாக்கம் குறைகிறதா, அப்படியானால் புலம் என்ட்ரோபியைக் குறைக்கும், அடைத்துவைத்த பொருள் சூடாகும். இது வழக்கமான விளைவு. சூடேற்றினால் காந்தமாக்கம் கூடுகிறதா, அப்படியானால் புலம் ஏறும்போது பொருள் குளிரும். இதைத் தலைகீழ் விளைவு என்பார்கள்.

உச்ச வரம்பையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மோல் ஸ்பின்களிடமிருந்து எடுக்கக்கூடிய அதிகபட்ச என்ட்ரோபி, வாயு மாறிலியை ஸ்பின் நிலைகளின் எண்ணிக்கையின் இயல் மடக்கையால் பெருக்கினால் வருவது. ஸ்பின் 5/2-க்கு 6 நிலைகள், ஆகவே 14.9 ஜூல்/மோல்·கெல்வின், ஸ்பின் 7/2-க்கு 8 நிலைகள், 17.3. எடைக்கு மாற்றினால் மாங்கனீஸ் டைஃபுளோரைடுக்குச் சுமார் 160 ஜூல்/கிலோ·கெல்வின், யூரோப்பியம் டைட்டனேட்டுக்குச் சுமார் 70. உங்கள் நிரல் இதைத் தாண்டி ஒரு காந்த என்ட்ரோபி மாற்றத்தைத் தந்தால், பிழை எங்கே என்று தேட ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நிரல் எழுதும் முன் கையால் ஒரு கணக்கு

இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள், ஏனென்றால் ஐந்து நிமிடத்தில் இது சொல்லிவிடுவதை அப்புறம் இரண்டு வாரம் கணினியை ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

ஸ்பின்களை இரண்டு துணை அணிக்கோவைகளாகப் பிரியுங்கள், அ என்றும் ஆ என்றும். அ அணியில் இருக்கும் ஒரு ஸ்பின் உணரும் புலம் மூன்று துண்டுகள் சேர்ந்தது: வெளிப்புலம்; ஆ அணியின் காந்தமாக்கத்தை ஒரு மாறிலியால் பெருக்கி எதிர்க்குறியில் சேர்ப்பது; அ அணியின் சொந்தக் காந்தமாக்கத்தை இன்னொரு மாறிலியால் பெருக்கிச் சேர்ப்பது. முதல் மாறிலியை எதிர் மாறிலி என்றும் இரண்டாவதை உள் மாறிலி என்றும் வைத்துக்கொள்வோம். இந்த இரண்டையும் தீர்மானிக்க இரண்டு அளவீடுகள் போதும்: நீல் வெப்பநிலையும், உயர் வெப்பநிலையில் காந்த ஏற்புத்திறனின் (ஒரு டெஸ்லாவுக்குக் கிடைக்கும் காந்தமாக்கத்தின்) தலைகீழை நேர்கோடாகப் பூஜ்யம் வரை நீட்டினால் கிடைக்கும் கியூரி–வைஸ் வெப்பநிலையும். ஓர் அணியின் கியூரி மாறிலியால் (உயர் வெப்பநிலையில் ஏற்புத்திறனின் அளவைத் தீர்மானிக்கும் எண்) பெருக்கிப் பார்த்தால், இரண்டு மாறிலிகளின் கூட்டல் நீல் வெப்பநிலை. உள் மாறிலியிலிருந்து எதிர் மாறிலியைக் கழித்தால் கியூரி–வைஸ் வெப்பநிலை.

ஆக நீல் வெப்பநிலையிலிருந்து கியூரி–வைஸ் வெப்பநிலையைக் கழித்தால் எதிர் மாறிலியின் பலம் தெரியும். அதிலிருந்து மிக முக்கியமான எண் ஒன்று வருகிறது: தாழ்ந்த வெப்பநிலையில் எதிரெதிராக நிற்கும் இரண்டு அணிகளையும் வலுக்கட்டாயமாக ஒரே திசைக்குத் திருப்ப எத்தனை டெஸ்லா வேண்டும் என்பது. லாண்டே காரணி (ஸ்பின்னுக்கு எவ்வளவு காந்தம் என்று சொல்லும் எண்) 2 ஆக இருக்கும் பொருளுக்கு இதைச் சுருக்கமாக எழுதலாம்:

திருப்பும் புலம் (டெஸ்லா) = 3 × (நீல் வெப்பநிலை − கியூரி–வைஸ் வெப்பநிலை) ÷ (1.343 × (ஸ்பின் + 1))

மாங்கனீஸ் டைஃபுளோரைடின் கியூரி–வைஸ் வெப்பநிலை சுமார் −82 கெல்வின். கழித்தால் 149, சூத்திரத்தில் போட்டால் 95 டெஸ்லா. யூரோப்பியம் டைட்டனேட் விசித்திரமானது, எதிர் ஃபெர்ரோகாந்தமாக இருந்தும் அதன் கியூரி–வைஸ் வெப்பநிலை நேர்க்குறியில், சுமார் +3.8 கெல்வின், உள் மாறிலி ஓங்கி நிற்பதன் அடையாளம் அது. கழித்தால் வெறும் 1.7, ஆகவே திருப்பும் புலம் 0.84 டெஸ்லா.

ஆய்வகங்களில் சாதாரணமாகக் கிடைப்பது 5 முதல் 9 டெஸ்லா. அது முதல் பொருளை அசைக்கக்கூட அசைக்காது, இரண்டாவதை முழுவதும் திருப்பிவிடும். 5 டெஸ்லாவில் மாங்கனீஸ் டைஃபுளோரைடு எவ்வளவு தரும் என்று தோராயமாகப் பார்க்கலாம். ஒரு மோலின் முழுக் காந்தமாக்கம் 27.9 ஆம்பியர்·மீட்டர்², 95 டெஸ்லாவால் வகுத்தால் நீல் வெப்பநிலையில் ஒரு டெஸ்லாவுக்குச் சுமார் 0.29. ஸ்பின்கள் விரும்பும் அச்சில் புலம் இருந்தால் இது பூஜ்ய கெல்வினில் பூஜ்யத்தில் தொடங்கி 67 கெல்வினில் 0.29-க்கு ஏறுகிறது, அந்தச் சராசரிச் சரிவை 5-இன் வர்க்கத்தில் பாதியால் பெருக்கினால் 0.05 ஜூல்/மோல்·கெல்வின். கையிருப்பு 14.9, வருவது 0.05. குளிரூட்டியாகப் பயன்படுத்த நினைத்தவர் இங்கேயே நிறுத்தி வேறு பொருள் தேடலாம். தலைகீழ் விளைவின் இயற்பியலைப் படிக்க நினைப்பவருக்கு அது இன்னமும் அருமையான பொருள்தான்.

சராசரிப் புல மாடலை எழுதுவது

ஒரு ஸ்பின்னுக்கு அது உணரும் புலம் தெரிந்துவிட்டால் அதன் ஆற்றல் நிலைகள் சம இடைவெளியில் அமைந்த ஓர் ஏணி. புத்தகங்கள் இங்கே ஸ்பின்னின் சராசரியைத் தரும் பிரில்லுவான் சார்பைக் கொடுக்கும். அதைப் பயன்படுத்தலாம், ஆனால் அதில் இருக்கும் அதிபரவளையச் சார்புகள் புலம் மிகச் சிறியதாக இருக்கும்போது ஒன்றையொன்று கழித்துத் துல்லியத்தைத் தின்றுவிடும், வெப்பநிலை தாழும்போது எண்கள் கணினியின் எல்லையைத் தாண்டிவிடும். என் யோசனை: நிலைகளை நேரடியாகவே கூட்டுங்கள். ஆறோ எட்டோ நிலைகள்தான், ஒவ்வொன்றின் போல்ட்ஸ்மன் எடையையும் கணக்கிடும் முன் மிகப்பெரிய அடுக்கைக் கழித்துவிட்டால் எந்தச் சிக்கலும் வராது. நாளைக்குப் படிகப்புலப் பிளவு (சுற்றியுள்ள அயனிகளின் மின்புலம் நிலைகளைப் பிரிப்பது) சேர்க்க வேண்டி வந்தாலும் அதே நிரல் நீளும்.

கணக்கு ஓடும் முறை இது. இரண்டு அணிகளின் காந்தமாக்கத்துக்கும் ஒரு தொடக்க ஊகம் கொடுங்கள். அதிலிருந்து ஒவ்வோர் அணியும் உணரும் புலத்தைக் கணக்கிடுங்கள். அந்தப் புலத்தில் ஸ்பின்னின் சராசரி எவ்வளவு என்று கண்டு, அதே திசையில் புதிய காந்தமாக்கத்தை வையுங்கள். பழையதில் பாதி, புதியதில் பாதி என்று கலந்து திரும்பச் சுற்றுங்கள். கலக்காமல் நேரடியாக மாற்றினால் விடை இரண்டு எண்களுக்கு இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கலாம். மாற்றம் பத்து தசம இடங்களுக்குக் கீழே போகும்வரை நிறுத்தாதீர்கள், ஏனென்றால் பின்னால் இதை வகைக்கெழு எடுக்கப்போகிறோம், அங்கே சின்ன இரைச்சலும் பெரிதாகத் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: காந்தமாக்கங்களை வெக்டர்களாக வையுங்கள். வெறும் கூட்டல் கழித்தல் எண்களாக, ஸ்பின்கள் புலத்தின் அச்சிலேயே நிற்கும் என்று எடுத்துக்கொண்டால் நிரல் பாதி நீளத்தில் முடிந்துவிடும் என்பது உண்மை, ஆனால் அது தரும் விடை பல பொருட்களுக்குத் தப்பு. ஏன் என்று அடுத்த பகுதியில் வருகிறது.

ஒவ்வொரு வெப்பநிலை–புலப் புள்ளியிலும் குறைந்தது மூன்று தொடக்க ஊகங்களிலிருந்து ஓட்டுங்கள்: எதிரெதிராக அச்சில் நிற்பது, புலத்துக்குக் குறுக்கே படுத்துக் கொஞ்சம் சாய்ந்திருப்பது, இரண்டும் புலத்தோடு சேர்ந்து நிற்பது. குறுக்கே படுத்த ஊகத்தில் கொஞ்சம் சாய்வு அவசியம், துல்லியமான சமச்சீரில் வைத்தால் கணக்கு அங்கேயே சிக்கி நிற்கும். விடைகள் வேறுபட்டால் எதன் கட்டிலா ஆற்றல் (free energy) குறைவோ அதை எடுங்கள். கட்டிலா ஆற்றலைக் கணக்கிடும்போது ஸ்பின்களுக்கிடையேயான ஆற்றலை இரண்டு முறை எண்ணிவிடுவோம் என்பதால் பாதியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். என்ட்ரோபிக்கு அந்தத் திருத்தம் தேவையில்லை; நிலைகளின் நிகழ்தகவை அதன் மடக்கையால் பெருக்கிக் கூட்டிக் குறியை மாற்றினால் ஒரு ஸ்பின்னின் என்ட்ரோபி, போல்ட்ஸ்மன் மாறிலியின் அலகில், வந்துவிடும்.

திசைச்சார்பு உள்ள, அதாவது ஸ்பின்கள் ஓர் அச்சை விரும்பும் பொருளுக்கு, அந்த அச்சில் அந்த அணியின் காந்தமாக்கத்துக்கு விகிதமாக ஒரு சிறு புலத்தைச் சேருங்கள். மாங்கனீஸ் டைஃபுளோரைடுக்குத் தாழ்ந்த வெப்பநிலையில் இது 0.8 டெஸ்லா அளவு, எதிர் அணி தரும் பரிமாற்றப் புலம் ஐம்பது டெஸ்லாவை ஒட்டியது. இரண்டையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுத்தால் 9 டெஸ்லா அளவில் ஓர் எண் வரும். ஸ்பின்கள் சட்டென்று புலத்துக்குக் குறுக்கே புரளும் ஸ்பின் ஃபிளாப் புலம் அதுதான், அளவிட்ட மதிப்பு சுமார் 9.3 டெஸ்லா. உங்கள் நிரலும் இதை ஒட்டி ஒரு தாவலைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

புலத்தை ஏற்றியும் என்ட்ரோபி மாறாத இடம்

திசைச்சார்பே இல்லாத ஓர் எதிர் ஃபெர்ரோகாந்தத்தை எடுத்துக்கொள்வோம். சிறு புலம் வந்தாலும் இரண்டு அணிகளும் அதற்குக் குறுக்கே படுத்துக்கொண்டு புலத்தின் பக்கம் ஒரே கோணத்தில் சாயும். அந்தச் சாய்ந்த நிலையில் மொத்தக் காந்தமாக்கம் வெளிப்புலத்தை எதிர் மாறிலியால் வகுத்ததற்குச் சமம். ஆகவே ஆ அணியின் காந்தமாக்கம் என்பது அந்த மொத்தத்திலிருந்து அ அணியின் பங்கைக் கழித்தது. இதை அ அணி உணரும் புலத்தின் கணக்கில் போட்டுப் பாருங்கள்: வெளிப்புலம் அடிபட்டுப் போகிறது, மிஞ்சுவது இரண்டு மாறிலிகளின் கூட்டலை அ அணியின் காந்தமாக்கத்தால் பெருக்கியது மட்டும்.

அதாவது ஸ்பின் உணரும் புலத்தின் அளவு, வெளியே எத்தனை டெஸ்லா இருந்தாலும் மாறவில்லை. அளவு மாறாவிட்டால் ஏணியின் இடைவெளி மாறாது, ஏணி மாறாவிட்டால் என்ட்ரோபியும் மாறாது. சாய்ந்த நிலை நீடிக்கும்வரை சராசரிப் புல மாடலில் காந்தவெப்ப விளைவு துல்லியமாகப் பூஜ்யம். எனக்கு இந்த மொத்த விஷயத்திலும் மிகப் பிடித்த முடிவு இதுதான், இரண்டு வரி அல்ஜீப்ராவில் இவ்வளவு பெரிய தகவல் கிடைப்பது அபூர்வம்.

இதனால் இரண்டு பலன். ஒன்று, இது இலவசமாகக் கிடைத்த சோதனை: திசைச்சார்பைப் பூஜ்யமாக்கிவிட்டு நீல் வெப்பநிலைக்குக் கீழே ஓட்டுங்கள், திருப்பும் புலம் வரை என்ட்ரோபி கோடு தட்டையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நிரலில் தவறு இருக்கிறது. இரண்டு, ஸ்பின்களை அச்சில் மட்டும் நிற்கவைத்து எழுதிய மாடல் இதே பொருளுக்கு அழகான ஒரு தலைகீழ் விளைவைக் காட்டும், அது முழுக்கப் பொய். உண்மையான பொருளில் இந்தப் பகுதியில் ஏதாவது தெரிந்தால் அது சராசரிப் புலம் கணக்கில் எடுக்காத ஸ்பின் அலைகளிலிருந்து வருவது.

தலைகீழ் விளைவு நிஜமாகவே வருவது, திசைச்சார்பு ஸ்பின்களை ஓர் அச்சில் பிடித்து வைத்திருக்க, புலமும் அதே அச்சில் வரும்போது. மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் இரண்டு அணிகளும் முழு அளவில் இருக்கின்றன, புலத்தால் எதையும் மாற்ற முடியாது. சூடேற ஏறத்தான் ஓர் அணியைக் கொஞ்சம் வளர்த்து மற்றதைக் கொஞ்சம் குலைக்க இடம் கிடைக்கிறது. ஆகவே காந்தமாக்கம் வெப்பநிலையோடு கூடுகிறது, குலைந்த அணி இழக்கும் ஒழுங்கு வளர்ந்த அணி பெறும் ஒழுங்கைவிட அதிகம், மொத்த என்ட்ரோபி ஏறுகிறது. ஸ்பின் ஃபிளாப் புலத்தைத் தாண்டியதும் நிலைமை மாறும். மாங்கனீஸ் டைஃபுளோரைடில் அந்தப் புலம் வெப்பநிலையோடு ஏறிச் சுமார் 65 கெல்வின், 12 டெஸ்லா அருகே மற்ற எல்லைக்கோடுகளைச் சந்திக்கிறது. எல்லைக்கோடு மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், அதைக் கீழிருந்து மேலே தாண்டும்போது என்ட்ரோபி குறைந்தாக வேண்டும். வெப்பநிலை–புலத் தளத்தில், எந்த நிலை எங்கே என்று காட்டும் கட்ட வரைபடத்தை முதலில் வரைந்துவிட்டு அதன் மேல் என்ட்ரோபி மாற்றத்தை வண்ணமாகப் பூசினால் எந்தக் குறி எங்கிருந்து வருகிறது என்று பார்த்ததுமே புரியும்.

யூரோப்பியம் டைட்டனேட்டை இதே நிரலில் 5 டெஸ்லாவுக்கு ஓட்டினால், 5.5 கெல்வினில் புலமில்லாத என்ட்ரோபி 17.3-இலிருந்து சுமார் 5-க்கு விழும். மாற்றம் சுமார் 12 ஜூல்/மோல்·கெல்வின், கிலோவுக்கு 49 அளவு. மாங்கனீஸ் டைஃபுளோரைடுக்குப் போட்ட 0.05-ஐப் போல 200 மடங்குக்கும் மேல். அளவீட்டில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும், காரணம் நீல் வெப்பநிலைக்கு மேலேயே அக்கம்பக்கத்து ஸ்பின்கள் ஓரளவு ஒழுங்காகிவிடுகின்றன, அந்தக் குறுந்தூர ஒழுங்கு சராசரிப் புலத்துக்குத் தெரியாது.

வெப்பநிலை மாற்றம்

இதற்குக் காந்த என்ட்ரோபி மட்டும் போதாது, படிக அதிர்வுகளின் என்ட்ரோபியையும் சேர்க்க வேண்டும். டிபை மாடல் போதும். உலோகமாக இருந்தால் எலக்ட்ரான்களின் பங்கும், அது வெப்பநிலைக்கு நேர்விகிதம். மொத்த என்ட்ரோபியைப் பூஜ்யப் புலத்துக்கும் உங்கள் புலத்துக்கும் இரண்டு கோடுகளாக வரையுங்கள். பூஜ்யப் புலக் கோட்டில் தொடக்க வெப்பநிலையில் நின்று, அதே உயரத்தில் கிடைமட்டமாக நகர்ந்து மற்றக் கோட்டைத் தொடுங்கள், நகர்ந்த தூரம்தான் வெப்பநிலை மாற்றம். தன்வெப்பத்தை மாறிலியாக வைத்து வகுக்கும் சுருக்க சூத்திரத்தை நீல் வெப்பநிலை அருகே நம்பாதீர்கள், தன்வெப்பம் அங்கேதான் கூர்மையாக எகிறும்.

5 கெல்வினில் அதிர்வுகளின் பங்கு மிகச் சிறியது, ஆகவே காந்த என்ட்ரோபி மாற்றம் பெரிய வெப்பநிலை மாற்றமாகத் தெரியும். 60 கெல்வினில் அதிர்வுகளே கணிசமான வெப்பத்தை விழுங்கிக்கொள்ளும். தாழ்வெப்பக் குளிரூட்டலுக்கு நீல் வெப்பநிலை மிகத் தாழ்ந்த பொருளைத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒழுங்கு தோன்றியபின் எடுப்பதற்கு என்ட்ரோபி மிஞ்சுவதில்லை. 1933-இல் வில்லியம் ஜியோக்கும் மெக்டூகலும் காந்தநீக்கத்தால் 0.25 கெல்வினை எட்டியது காடோலினியம் சல்ஃபேட்டை வைத்து. அதில் காந்த அயனிகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால் ஒழுங்கு மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்குத் தள்ளிப்போகிறது.

மான்டே கார்லோவுக்கு எப்போது போக வேண்டும்

சராசரிப் புலம் நீல் வெப்பநிலையை எப்போதும் அதிகமாகச் சொல்லும். நியூட்ரான் சிதறலில் மாங்கனீஸ் டைஃபுளோரைடுக்குக் கிடைத்த முதன்மைப் பரிமாற்ற எண் (அண்டை ஸ்பின்களைப் பிணைக்கும் பலம்) 1.76 கெல்வின், ஒவ்வொரு ஜோடிக்கும் அதன் இருமடங்கு ஆற்றல் என்ற வழக்கில். எட்டு அண்டை ஸ்பின்களோடு சராசரிப் புலச் சூத்திரத்தில் போட்டால் 82 கெல்வின் வருகிறது, இயற்கை சொல்வது 67. கவனித்தீர்களா, அந்த "இருமடங்கு" வழக்கைத் தவறவிட்டால் விடை 41 ஆகிவிடும். எந்தக் கட்டுரையிலிருந்து பரிமாற்ற எண்ணை எடுத்தாலும் ஹாமில்டனியனை (மொத்த ஆற்றலின் சூத்திரத்தை) அவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொரு ஜோடியையும் ஒருமுறை எண்ணுகிறார்களா இருமுறையா, எதிர் ஃபெர்ரோகாந்தத்துக்கு எந்தக் குறி என்பதைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துச் செய்யும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டுக் (DFT) கணக்கிலிருந்து நீங்களே எடுப்பதானாலும் இதே எச்சரிக்கைதான், கூடவே எலக்ட்ரான் விலக்கத்துக்குக் கொடுக்கும் திருத்த எண்ணை மாற்றினால் பரிமாற்ற எண்ணும் மாறும் என்பதால் இரண்டு மூன்று மதிப்புகளுக்கு ஓட்டிப் பாருங்கள்.

மான்டே கார்லோவை நீங்களே எழுதலாம், வேம்பயர் அல்லது உப்பாஸ்டி போன்ற இலவச நிரல்களையும் எடுத்துக்கொள்ளலாம். எதுவானாலும் முதலில் விடை தெரிந்த ஒரு கணக்கை ஓட்டுங்கள்: எளிய கனசதுர அணிக்கோவையில், அளவு 1 உள்ள கிளாசிக்கல் ஸ்பின்கள் (எந்தத் திசையிலும் நிற்கக்கூடிய அம்புகள்), அண்டை ஜோடிக்குப் பரிமாற்ற ஆற்றல் 1. மாறும் வெப்பநிலை 1.443 வர வேண்டும், சராசரிப் புலம் இதற்கு 2 சொல்லும். பெட்டியின் பக்கம் ஒவ்வொன்றும் இரட்டைப்படை எண்ணாக இருக்கட்டும். ஒற்றைப்படையானால் எல்லையைச் சுற்றி வரும்போது மேல்–கீழ் ஒழுங்கு பொருந்தாமல் போய் இல்லாத ஒரு குறையை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

காந்தமாக்கத்தின் வெப்பநிலை வகைக்கெழுவை அடுத்தடுத்த புள்ளிகளைக் கழித்து எடுக்க வேண்டாம், இரைச்சல் கொன்றுவிடும். காந்தமாக்கத்தையும் ஆற்றலையும் பெருக்கியதன் சராசரியிலிருந்து தனித்தனிச் சராசரிகளின் பெருக்கலைக் கழித்து, போல்ட்ஸ்மன் மாறிலியாலும் வெப்பநிலை வர்க்கத்தாலும் வகுத்தால் வகைக்கெழு நேரடியாகக் கிடைக்கும். இங்கே ஆற்றல் என்பது வெளிப்புலத்தின் பங்கையும் சேர்த்த முழு ஆற்றல். ஸ்பின் ஃபிளாப் எல்லையருகே ஓட்டம் ஒரு நிலையில் மாட்டிக்கொள்ளும், அங்கே புலத்தை ஏற்றியும் இறக்கியும் இரண்டு முறை ஓட்டி ஒப்பிடுங்கள்.

ஒரு வரம்பு உண்டு. கிளாசிக்கல் ஸ்பின்களின் தன்வெப்பம் பூஜ்ய கெல்வினில் பூஜ்யமாவதில்லை, அதனால் தாழ்ந்த வெப்பநிலையில் அவற்றின் என்ட்ரோபிக்கு அர்த்தமே இல்லை. நீல் வெப்பநிலையின் அருகிலும் மேலேயும் நம்பலாம், ஸ்பின் பெரிதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழேயும். ஸ்பின் 1/2 என்றால் குவான்டம் மான்டே கார்லோதான், அதுவும் ஸ்பின்கள் ஒன்றையொன்று முடக்கும் முக்கோண வகை அமைப்புகளில் குறிச்சிக்கலால் (எடைகள் எதிர்க்குறியாகி ஒன்றையொன்று அடித்துக்கொள்வது) முடங்கிவிடும். அப்படிப்பட்ட அமைப்புகளில் காந்தவெப்ப விளைவு பெரிதாகும் என்று மைக் ஸிட்டோமிர்ஸ்கி 2003-இல் கிளாசிக்கல் ஸ்பின்களை வைத்தே காட்டினார், ஆகவே தொடங்குவதற்கு அது போதும்.

முதல் வகை மாற்றம் என்றால் வேறு பாதை

இரும்பு–ரோடியம் உலோகக்கலவை அறை வெப்பநிலைக்குக் கொஞ்சம் மேலே எதிர் ஃபெர்ரோகாந்தத்திலிருந்து ஃபெர்ரோகாந்தமாகத் திடீரென, அதாவது முதல் வகை மாற்றமாக, மாறும், கனஅளவும் சுமார் 1 சதவீதம் பெருக்கும். இங்கே மேக்ஸ்வெல் தொடர்பைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், இரண்டு கட்டங்களும் கலந்து நிற்கும் பகுதியில் போலியான கூர்முனை வரும். கிளாசியஸ்–கிளாபிரான் சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள்: காந்தமாக்கத் தாவலை, மாறும் வெப்பநிலை ஒரு டெஸ்லாவுக்கு எத்தனை கெல்வின் நகர்கிறது என்பதால் வகுத்தால் என்ட்ரோபித் தாவல். தாவல் கிலோவுக்கு 120 ஆம்பியர்·மீட்டர்², நகர்வு 9 கெல்வின் என்று வைத்தால் சுமார் 13 ஜூல்/கிலோ·கெல்வின். புலம் ஏறும்போது மாறும் வெப்பநிலை இறங்குவதால் இதுவும் தலைகீழ் விளைவுதான், ஆனால் மேலே பார்த்த தலைகீழ் விளைவோடு காரணத்தில் சம்பந்தமில்லை. மாடலுக்குப் பரிமாற்றம் கனஅளவைப் பொறுத்து மாறும்படி எழுதும் பீன்–ராட்பெல் வகை தேவை.

அளவீட்டோடு ஒப்பிடும்போது

அளந்தவர்கள் வைத்தது ஒற்றைப் படிகமா பொடியா என்று முதலில் பாருங்கள். பொடியில் மூன்றில் ஒரு பங்குதான் அச்சுத் திசையின் குணம், மீதி குறுக்குத் திசையுடையது. நீல் வெப்பநிலைக்குக் கீழே, ஸ்பின் ஃபிளாப் வராத அளவு சிறிய புலத்தில், குறுக்குத் திசை ஏற்புத்திறன் சராசரிப் புலத்தில் மாறாதது என்பதால் தலைகீழ் விளைவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். மாடலைக் குறை சொல்லும் முன் இந்தச் சராசரியை எடுங்கள்.

அலகுகளில், ஒரு கிராமுக்கு ஒரு ஈஎம்யூ (பழைய சிஜிஎஸ் அலகு) என்பது கிலோவுக்கு ஒரு ஆம்பியர்·மீட்டர்², அதே எண்தான். 10,000 ஓர்ஸ்டெட் வெற்றிடத்தில் 1 டெஸ்லா. புலத்தை ஓர்ஸ்டெட்டில் வைத்தே தொகையிட்டுவிட்டு விடை பத்தாயிரம் மடங்கு தவறாக வந்தது ஏன் என்று தேடுவது புதியவர்களுக்கு அடிக்கடி நடக்கும்.

சாம்பிளின் வடிவத்தால் உள்ளே புலம் குறையும் காந்தநீக்கக் காரணியையும் சேருங்கள். மாங்கனீஸ் டைஃபுளோரைடில் காந்தமாக்கம் சிறியது, விட்டுவிட்டாலும் ஒன்றும் ஆகாது. யூரோப்பியம் டைட்டனேட்டில் முழுக் காந்தமாக்கம் சுமார் 1.4 டெஸ்லாவுக்குச் சமம், திருப்பும் புலமே 0.84 டெஸ்லாதான், அங்கே தட்டையான சாம்பிளை நிறுத்திவைத்து அளந்ததா படுக்கவைத்து அளந்ததா என்பதே எல்லைக்கோட்டை நகர்த்திவிடும். வெளியே செலுத்திய புலத்தை அச்சில் போட்ட அளவீட்டு வரைபடத்தின் மேல் உள்புலத்தில் கணக்கிட்ட உங்கள் கோட்டை அப்படியே ஒட்டாதீர்கள். இரண்டையும் ஒரே அச்சுக்கு மாற்றிவிட்டு அப்புறம் வித்தியாசத்தைப் பற்றிப் பேசுங்கள்.